மலைச் சைக்கிளுக்கு மலிவுச் சில்லு வாங்கலாமா?

புலம்பெயர்ந்து வாழும் எமது பிள்ளைகளின் மொழி பற்றியும் கலை பற்றியும் ஒழுக்கம் பற்றியும் இத்தகைய மலர்களில் ஆண்டுதோறும் கட்டுரைகள் வெளிவருகின்றன. அவை யாவும் வேண்டியவையே. ஆயினும் சுவிற்சர்லாந்தில் வாழும் எமது குடும்பங்களில், பங்குனி சித்திரையில் பனி உருகத் தொடங்கியதும் எழுகின்ற ஒரு வினாவுக்கு எவரும் எழுத்தில் விடை கூறக் காணோம். வகுப்பு முடிந்து பிள்ளைகளை அழைத்துச் செல்ல வரும் தந்தையர் வாசலில் நின்று எம்மிடம் கேட்கும் வினா அது.

"மாஸ்ரர், மகன் சைக்கிளுக்குப் புதுச் சில்லு வேணும் எண்டு நிக்கிறான். கடையிலை ஆயிரம் பிராங்குக்கு மேலை சொல்லுறாங்கள். இருநூறுக்கும் சில்லு கிடக்குது. மலிவானதை வாங்கலாமோ?"

எமது விடையை முதலிலேயே கூறிவிடுகிறோம். வாங்கலாம். மலிவான சில்லு யாவும் தீயது அன்று. விலை கூடிய சில்லு யாவும் பிள்ளைக்கு வேண்டியதும் அன்று. ஆனால் மலிவிலும் மலிவானதை வாங்கலாகாது. அன்றியும், எவ்விலைச் சில்லாயினும் அதன் கம்பிகளைக் கைதேர்ந்த ஒருவர் சரிபார்க்காமல் மலைக்கு அனுப்பலாகாது. இம்மூன்றும் ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்ப் பாடசாலை மலரில் சில்லுக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். இந்நாட்டில் பிள்ளைகளுக்குச் சைக்கிள் விளையாட்டுப் பொருள் மட்டுமன்று. பல மாநிலங்களில் ஆரம்பப் பாடசாலை மாணவருக்குப் பொலிசாரே வீதி ஒழுங்கு கற்பித்துச் சைக்கிள் தேர்வும் நடத்துகின்றனர். மலைச் சைக்கிளோ இந்நாட்டின் பெருமைக்குரிய விளையாட்டு. 2016 இல் ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற நீனோ ஷூர்ட்டர் பத்து முறை உலக வாகையர் ஆனவர். 2021 இல் நடைபெற்ற ரோக்கியோ ஒலிம்பிக்கில் மகளிர் மலைச் சைக்கிள் போட்டியின் மூன்று பதக்கங்களையும் சுவிஸ் வீராங்கனைகளே வென்றனர். வகுப்புத் தோழர்கள் சனி, ஞாயிறுகளில் காட்டுப் பாதைக்குச் செல்லும்போது எமது பிள்ளையும் செல்ல விரும்புவது இயல்பே.

இதில் இரண்டு துன்பங்களை நாம் கண்டுள்ளோம். எம்மிடம் தமிழ் கற்கும் மாணவர் ஒருவர் பேரங்காடியில் வாங்கிய சைக்கிளில் காட்டுச் சரிவில் இறங்கியபோது முன்சில்லு எட்டுப்போல் மடிந்து, தோள்பட்டை எலும்பு முறிந்து ஆறு வாரம் கையைக் கட்டியிருந்தார். இன்னொரு மாணவரோ, தம் சைக்கிளைத் தோழர்கள் நகைத்தார்கள் என்பதற்காக அதனை நிலவறையில் பூட்டிவிட்டு, மலைக்குச் செல்வதையே நிறுத்திவிட்டார். அவருடைய தந்தை பகலில் உணவகச் சமையலறையிலும் அதிகாலையில் அலுவலகத் துப்புரவுப் பணியிலும் உழைத்து, ஊரில் உள்ள பெற்றோருக்கும் பணம் அனுப்பி வருபவர். அவரால் ஆயிரம் பிராங்குச் சில்லு வாங்க இயலாது. வாங்க வேண்டியதும் இல்லை என்பதே எமது துணிபு. ஒருவருக்கு எலும்பு முறிந்தது. மற்றவருக்கு மனம் முறிந்தது. இரண்டும் அறிவினால் தடுத்திருக்கக் கூடியவை.

இரு தவறான எண்ணங்கள்

பெற்றோரிடத்தில் உள்ள தவறான எண்ணம், "சில்லு சில்லுதானே, உருண்டால் போதும்" என்பது. பிள்ளைகளிடத்தில் உள்ள தவறான எண்ணம், "விலை கூடியதே நல்லது" என்பது. முன்னதற்கு விடை மலைச் சைக்கிள் பிறந்த வரலாற்றிலேயே உள்ளது.

1970 களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மரின் மாவட்டத்து இளைஞர்கள் பழைய தடித்த ரயர்ச் சைக்கிள்களைத் தமால்பைஸ் மலைப் பகுதிக்குக் கொண்டுசென்று மண் பாதையில் இறங்கி விளையாடினர். 1976 இல் அங்கே தொடங்கிய போட்டிக்கு 'றீபாக்' என்று பெயர். பெயர்க் காரணம் சுவையானது. அக்காலச் சைக்கிள்களில் பிறேக் பின்சில்லின் நடுக் குடத்தினுள்ளே இருந்தது. ஒருமுறை மலையிறங்கியதும் அதன் வெப்பத்தில் உள்ளிருந்த கிறீஸ் புகைந்து தீர்ந்துவிடும். மறுமுறை இறங்குமுன் குடத்தைக் கழற்றிப் புதிதாகக் கிறீஸ் அடைக்க வேண்டும். அவ்வாறு மீள அடைப்பதையே அச்சொல் குறிக்கும். வீதிக்கு எனச் செய்யப்பட்ட சில்லு மலைக்கு ஈடுகொடாது என்பதை அவ்விளைஞர்கள் அன்றே கண்டனர். அவர்களுள் ஒருவரான ஜோ பிறீஸ் 1977 இல் மலைக்கென்றே ஒரு சைக்கிளைக் கட்டினார். 1996 இல் அத்லாந்தா ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு இடம்பெற்றது.

ஆகவே சில்லு எல்லாம் ஒன்றல்ல. பார்வைக்கு மலைச் சைக்கிள் போலத் தோன்றும் சில மலிவு வண்டிகளில், "கரடுமுரடான பாதைக்கு உரியதன்று" என்ற எச்சரிக்கை சிற்றெழுத்தில் ஒட்டப்பட்டிருப்பதைப் பெற்றோர் படித்துப் பார்த்தல் வேண்டும். தோற்றம் மலைக்கும், வலு வீதிக்கும் உரியதாக இருப்பின் ஏமாறுபவர் பிள்ளையே.

சில்லு நிற்பது எதனால்?

விலை பற்றித் தீர்மானிக்குமுன் சில்லு எவ்வாறு பாரத்தைத் தாங்குகிறது என்பதை அறிதல் நன்று. சில்லின் நடுவில் உள்ளது குடம். கடைக்காரர் அதனை 'ஹப்' என்பார். வெளியே உள்ள வளையம் ஊரிலும் நாம் 'றிம்' என்றே அழைத்தது. இரண்டையும் இணைப்பவை கம்பிகள். மலைச் சில்லில் பெரும்பாலும் 28 அல்லது 32 கம்பிகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் தடிப்புடையது. அத்தனை மெல்லிய கம்பி ஆளின் பாரத்தை ஊன்றி நின்று தாங்க முடியாது, அழுத்தினால் வளைந்துவிடும். அது இழுக்க மட்டுமே வல்லது.

எனவே சில்லைக் கட்டும்போதே ஒவ்வொரு கம்பியையும் இறுக்கி இழுவிசையில் வைக்கின்றனர். நன்கு கட்டிய சில்லில் ஒரு கம்பியின் இழுவிசை, அதில் ஏறத்தாழ 100 கிலோகிறாம் நிறையைத் தொங்கவிட்டதற்கு ஒப்பாகும். சில்லு நிலத்தைத் தொடும் இடத்திலுள்ள கம்பிகளில் இவ்விழுப்புச் சற்றுக் குறையும். சில்லு சுழன்றதும் மீளும். 29 அங்குலச் சில்லின் சுற்றளவு ஏறத்தாழ 2.3 மீற்றர். 20 கிலோமீற்றர் ஓடினால் சில்லு சுமார் 8,700 தடவை சுழலும். ஒவ்வொரு கம்பியும் அத்தனை தடவை தளர்ந்து இறுகும்.

இழுவிசை போதியதாகவும் சமமாகவும் இருப்பின் இது கம்பிக்கு ஒரு பொருட்டன்று. தொடக்கத்திலேயே இழுப்புக் குறைவாயின், ஒவ்வொரு சுழற்சியிலும் கம்பி முற்றாகத் தளர்ந்து மீண்டும் வெடுக்கென இறுகும். குடத்தில் மாட்டப்படும் வளைவில் அது களைப்புற்று ஒருநாள் அறும். ஒன்று அறுந்ததும் அயற்கம்பிகள் மேலதிகச் சுமை ஏற்கும், றிம் நெளியும், பின்னர் மடியும். ஜொப்ஸ்ற் பிராண்ட் என்னும் பொறியியலாளர் 1981 இல் சைக்கிள் சில்லு பற்றி எழுதிய நூலில் இவ்வுண்மையைக் கணித்துக் காட்டினார். ஒரு சில்லு முறிவது பெரும்பாலும் அது மலிவானது என்பதால் அன்று. அது தளர்வாகக் கட்டப்பட்டது என்பதால்.

பிள்ளைகளே, இக்கம்பிகளைப் பற்றி நீங்கள் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. பீல் நகரில் 1634 ஆம் ஆண்டிலேயே கம்பி இழுக்கும் ஆலை ஒன்று இருந்தது. அதன் வழித்தோன்றலாக 1994 இல் உருவானதே டிரி சுவிஸ் என்னும் நிறுவனம். உலகெங்கும் நல்ல சில்லுகளில் அதன் கம்பிகள் உள்ளன. பெயரின் முதலெழுத்து கம்பி ஆலையைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லுக்கும், இரண்டாவது எழுத்து அதே பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லுக்கும் உரியன. இருமொழி நகரமான பீல், தன் இரு மொழிகளையும் தன் தொழிலின் பெயரிலேயே தாங்கி நிற்கிறது. இரு மொழி கற்பது சுமை என்று முணுமுணுக்கும் மாணவர்கள் இதனைச் சிந்தித்தல் தகும்.

கூடிய விலை எதனைத் தருகிறது?

இனி இரண்டாவது எண்ணத்தை ஆராய்வோம். ஆயிரம் பிராங்குக்கு மேற்பட்ட சில்லுகளின் றிம் பெரும்பாலும் காபன் நாரினால் ஆனது. ஓரிரு நூறு பிராங்குச் சில்லுகளின் றிம் அலுமினியத்தால் ஆனது. விலை கூடியதன் முதற்சிறப்பு எடைக் குறைவு. ஒரு சோடி மலிவு அலுமினியச் சில்லு ஏறத்தாழ 2,000 முதல் 2,300 கிறாம் வரை இருக்கும். நல்ல காபன் சோடி 1,700 கிறாம் அளவில் இருக்கும். வேறுபாடு ஏறத்தாழ அரைக் கிலோ; அதாவது ஓர் அரை லீற்றர்த் தண்ணீர்ப் போத்தலின் எடை.

கணக்கறிந்த மாணவர்கள் பின்வருவதைத் தாமே சரிபார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள பிள்ளையும் 14 கிலோ எடையுள்ள சைக்கிளும் சேர்ந்தால் 74 கிலோ. அரைக் கிலோ அதில் நூற்றுக்கு 0.7 பங்கு. 40 நிமிடத்தில் ஏறும் மலையை அரைக் கிலோ குறைந்தால் எவ்வளவு விரைவில் ஏறலாம்? கூடியது 16 விநாடி. சுழலும் பொருளின் எடை இரட்டிப்பாகும் என்று தோழர்கள் கூறுவர். றிம்மின் எடையைப் பொறுத்தவரை, விரைவு கூட்டும் கணத்தில் மட்டும் அது ஏறத்தாழ உண்மை. ஒரே சீராக ஏறும்போது எடை எங்கிருப்பினும் ஒன்றே. ஒலிம்பிக் வீரருக்கு 16 விநாடி பதக்கத்தின் பெறுமதி உடையது. சனிக்கிழமை தோழருடன் காட்டுக்குச் செல்லும் பிள்ளைக்கு அது மேலே போய்ச் சேர்ந்து தண்ணீர் குடிக்கும் நேரம்.

நியாயம் கருதி மறுபக்கத்தையும் கூறுதல் வேண்டும். விலை கூடிய சில்லு திருப்பங்களில் வளையாது உறுதியாக நிற்கும். பெடலை மிதித்தவுடன் பற்றும் தன்மையும் அதில் கூடுதலாக உண்டு. பிறீவீலில் 18 பற்றுப்புள்ளிகள் இருப்பின் பெடல் 20 பாகை வரை வெறுமனே திரும்பிய பின்னரே சில்லு இழுக்கும். 36 இருப்பின் 10 பாகையிற் பற்றும். கற்பாறை மீது மெல்ல ஏறுவோருக்கு இவ்வேறுபாடு தெரியும். போட்டிகளில் ஈடுபட்டு, கழகத்தில் பயிற்சி பெறும் பிள்ளையாயின் பெற்றோர் இதனைக் கருத்திற் கொள்ளலாம். ஏனையோருக்கு இது தேவையன்று, ஆசையே. ஆசை குற்றமன்று, ஆனால் விரலுக்கேற்ற வீக்கமே வேண்டும்.

மலிவில் குறைவது எது?

மலிவுச் சில்லுகளை நாம் இரண்டாகப் பிரித்து நோக்குகிறோம். முதலாவது, ஷிமானோ, டிரி சுவிஸ் போன்ற அறியப்பட்ட நிறுவனங்கள் தம் பட்டியலின் அடிநிலையில் விற்கும் அலுமினியச் சில்லுகள். அல்லது அத்தகைய குடத்தையும் நல்ல றிம்மையும் கொண்டு உள்ளூர்ச் சைக்கிள் கடைக்காரர் கையாற் கட்டித் தருபவை. இவை எடை கூடியவை, பகட்டற்றவை, ஆனால் நேர்மையானவை. இவற்றைத் தயங்காது வாங்கலாம்.

இரண்டாவது, செய்தவர் பெயரோ தாங்கும் எடையோ குறிக்கப்படாமல் மிகக் குறைந்த விலைக்கு வருபவை. இவற்றில் மூன்று குறைகள் காணப்படும். கம்பிகள் பொறியினால் விரைந்து மாட்டப்பட்டு, இழுப்புச் சமமின்றி இருக்கும். குடத்தினுள் தூசுகாப்பு வளையம் தரமற்றதாக இருப்பதால் ஒரு மழைக்காலத்திலேயே நீர் புகுந்து போல்ஸ்களும் கோனும் தேய்ந்து சில்லு ஆடத் தொடங்கும். உதிரிப்பாகம் கிடைக்காது, ஒரு கம்பி அறுந்தாலும் முழுச் சில்லும் குப்பைக்கே செல்லும். இருமுறை மலிவாக வாங்குபவர் ஒருமுறை அளவாக வாங்குபவரைவிடக் கூடுதலாகச் செலவிடுகிறார்.

இவ்வகையில் மிகவும் அஞ்சத்தக்கது பெயரற்ற மலிவுக் காபன் சில்லு. அலுமினிய றிம் பாறையில் மோதினால் பெரும்பாலும் நசுங்கி, நெளிந்து, கண்ணுக்குத் தெரியுமாறு எச்சரிக்கும். காபன் றிம் பிளந்துவிடும்; சில வேளை பிளவு உள்ளே மறைந்திருக்கும். தரச் சோதனையும் உத்தரவாதமும் இல்லாத காபனைப் பிள்ளையின் கீழ் வைப்பதைவிட, பத்து ஆண்டு பழைய அலுமினியம் எவ்வளவோ மேல்.

தரமான நிறுவனங்கள் தம் சில்லுக்குரிய பயன்பாட்டு வகையை 1 முதல் 5 வரையான எண்ணாற் குறிக்கின்றன. 1 என்பது செப்பனிட்ட வீதிக்கு. 2 என்பது மண் வீதிக்கும், 15 சென்ரிமீற்றர் வரையான சிறு இறக்கத்துக்கும். 3 கரடுமுரடான காட்டுப் பாதைக்கும், 61 சென்ரிமீற்றர் வரையான குதிப்புக்கும். 4 இல் அவ்வுயரம் 122 சென்ரிமீற்றர். 5 பெருங்குதிப்புக்கும் செங்குத்தான இறக்கத்துக்கும் உரியது. எமது மாணவருள் பெரும்பாலோருக்கு 3 போதும். குதிப்பதில் ஆர்வமுள்ளோருக்கு 4 வேண்டும். எண்ணும் தாங்கும் எடையும் குறிக்கப்படாத சில்லை எவ்விலைக்கும் வாங்காதீர்.

அளவறிந்து வாங்குக

மலிவு என்று மகிழ்ந்து வாங்கி, வீட்டுக்கு வந்ததும் பொருந்தாமல் விழிப்போரும் உளர். சைக்கிள் கடைக்குச் செல்லுமுன் தந்தையும் பிள்ளையும் சேர்ந்து ஐந்து அளவுகளைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, ரயர் அமரும் விட்டம். 26 அங்குலம் என்பது 559 மில்லிமீற்றர்; 27.5 அங்குலம் 584; 29 அங்குலம் 622. இவ்வெண் ரயரின் பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டாவது, குடத்தின் அகலமும் அச்சின் தடிப்பும். முன்சில்லு 100 அல்லது 110 மில்லிமீற்றர். பின்சில்லு 135, 142 அல்லது 148 எனப் பலவகைப்படும். ஆறு மில்லிமீற்றர் வேறுபாடும் பொருந்தாது. மூன்றாவது, பிறேக். டிஸ்க் பிறேக் தட்டு ஆறு திருகாணிகளால் பூட்டப்படுவதா, 'சென்றர் லொக்' என்னும் முறையதா எனப் பார்க்க வேண்டும். றிம்மையே பற்றி நிறுத்தும் பழைய பிறேக்காயின், பிறேக் கட்டை பிடிக்கத் தட்டையான பக்கமுள்ள றிம் இன்றியமையாதது. நான்காவது, பின்சில்லில் பற்சில்லுகள் ஏறும் பகுதியின் வகை. ஐந்தாவது, றிம்மின் உள்ளகலம். இன்றைய 2.3, 2.4 அங்குல ரயர்களுக்கு 25 முதல் 30 மில்லிமீற்றர் பொருத்தமானது.

இந்த ஐந்தையும் பிள்ளையே அளந்து எழுதட்டும். தான் கேட்கும் பொருளை அளக்கத் தெரிந்த பிள்ளை, அதன் பெறுமதியையும் அறியும்.

சில்லுக்கு முன் பார்க்க வேண்டியவை

புதுச் சில்லு வேண்டும் எனக் கேட்கும் பிள்ளைகளுள் பலருக்கு உண்மையில் வேண்டியது புது ரயர். தேய்ந்த ரயருடன் ஆயிரம் பிராங்குச் சில்லும் ஈர வேரில் வழுக்கும். நல்ல ரயரும், அளவான காற்றும், புதுப் பிறேக் கட்டையும் சில்லைவிடக் குறைந்த செலவில் கூடுதல் பயன் தரும். தலைக்கவசத்தை முதலிற் கூறாதது அது விவாதத்துக்கு உரியதன்று என்பதாலேயே.

சைக்கிள் முழுவதும் இருநூறு பிராங்கும் பெறாததாயின் அதற்கு இருநூறு பிராங்குச் சில்லு வாங்குதல் பொருந்தாது. வளரும் பிள்ளைக்கு இரண்டு ஆண்டில் சைக்கிளே சிறிதாகிவிடும். வசந்த காலத்தில் நகரங்கள் தோறும் பழைய 'வெலோ' விற்கும் சந்தைகள் நடைபெறுகின்றன. அங்கே நல்ல நிறுவனத்தின் பழைய மலைச் சைக்கிளை வாங்கி, சில்லை மட்டும் சீர்செய்வது பல வேளைகளில் புதியதைவிடச் சிறந்தது. பழையதை வாங்குவதில் நாணப்பட ஒன்றுமில்லை. சந்தையில் நிற்கும் சுவிஸ் பெற்றோரின் தொகையைப் பார்த்தாலே இது விளங்கும்.

கையறிவும் மொழியறிவும்

1990 இன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் எரிபொருட் தடை நிலவிய ஆண்டுகளில் வளர்ந்த தலைமுறையினர் நாம். விறகும் மண்ணெண்ணெயும் நெல் மூட்டையும் நோயாளரும் சைக்கிளிலேயே சென்ற காலம் அது. மின்சாரமில்லாத இரவுகளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின் கொடுத்துச் செய்தி கேட்டோம். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் பெயர்ந்தபோது முதியோரையும் குழந்தைகளையும் மூட்டைகளையும் சுமந்தவையும் அச்சில்லுகளே. அவை விலையுயர்ந்தவை அல்ல. அவற்றில் நெளிவெடுக்கத் தெரிந்த கைகள் ஒவ்வோர் ஒழுங்கையிலும் இருந்தன. அதனாலேயே அவை நின்றன.

அக்கையறிவு எமது தலைமுறையோடு நின்றுவிடுதல் தகாது. மலிவுச் சில்லை நல்ல சில்லாக்குவது அதுவே. புதுச் சில்லு வாங்கியதும் ஓட்டுமுன் ஒருமுறையும், 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் இன்னொரு முறையும் கடைக்காரரிடம் கொடுத்துக் கம்பிகளைச் சரிபார்க்கச் செய்யுங்கள். ஒரு குடும்பம் உணவகத்தில் ஒருவேளை உண்ணும் செலவிலும் அது குறைவானதே. இருநூறு பிராங்குச் சில்லும் இச்சிறு கூலியும் சேர்ந்தால், சரிபார்க்காத ஐந்நூறு பிராங்குச் சில்லைவிட உறுதியாக நிற்கும்.

ஏனைய நாட்களில் பிள்ளையே சோதிக்கலாம். சில்லைத் தூக்கிச் சுழற்றி, ஓரிடத்தில் விரலை வைத்துப் பக்கவாட்டில் ஆடுகிறதா எனப் பார்க்கட்டும். வீணைத் தந்தியை மீட்டுவது போல் ஒவ்வொரு கம்பியையும் தட்டிக் கேட்கட்டும். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். இடப்பக்கமும் வலப்பக்கமும் தம்முள் வேறுபடுதல் இயல்பு. பின்சில்லில் பற்சில்லுப் பக்கமும், டிஸ்க் பிறேக் உள்ள முன்சில்லில் தட்டுப் பக்கமும் கூடுதலாக இறுகியிருக்கும். ஒரே பக்கத்தில் ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அது தளர்ந்துவிட்டது என அறிந்து கடைக்குக் கொண்டு செல்லட்டும். சங்கீத வகுப்புக்குச் செல்லும் எமது பிள்ளைகளின் காதுக்கு இது அரிய செயலன்று.

இவ்விடத்தில் எமது பாடசாலைச் சமூகத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒருமுறை, வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், பிள்ளைகள் தத்தம் சைக்கிளுடன் பாடசாலைக்கு வரட்டும். ஊரில் சைக்கிள் திருத்திய கைகள் எமது தந்தையரிடையே இன்றும் உண்டு. இங்கே பாத்திரம் கழுவியும் தரை துடைத்தும் அறியப்படும் அக்கைகளை ஆசிரியர் கைகளாகப் பிள்ளைகள் அன்று காணட்டும். குடம், ஆர், வட்டை, அச்சாணி என வண்டிச் சில்லுக்கு எமது மொழி பண்டே வைத்த பெயர்களைக் கையில் கிறீஸ் படியப் படியக் கற்கட்டும். கரும்பலகையில் எழுதிய சொல்லைவிடக் கை தொட்ட சொல் நெடுநாள் நிற்கும் என்பது ஊரிலும் இங்கும் கற்பித்ததில் நாம் கண்ட உண்மை.

உருவத்தின் சிறுமை கண்டு எவரையும் இகழலாகாது, பெருந்தேருக்குச் சிறிய அச்சாணி எவ்வளவு இன்றியமையாததோ அத்தகையோர் உலகில் உளர் என்பது வினைத்திட்பம் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் கூறும் கருத்து. அது மலிவான சில்லுக்கும் பொருந்தும். அதனை வாங்கித் தரும் எளிய தந்தைக்கும் பொருந்தும். மாணவச் செல்வங்களே, உங்கள் சில்லின் விலையைக் கேட்டு நகைப்பவரிடம் அதன் கம்பிகளைத் தட்டிக் காட்டுங்கள். பெற்றோர்களே, அளவான விலையில் நேர்மையான சில்லை வாங்குங்கள். அதனைச் சரிபார்க்கும் கூலியில் மட்டும் சிக்கனம் பாராதீர்கள். எமது பிள்ளைகள் இந்நாட்டு மலைகளில் அச்சமின்றி ஏறி, நலமே இறங்கி வருவார்களாக.